தத்துவம் படிக்க ஆசை. வீட்டில் ரத்தம் எடுக்கும் பயிற்சிக்குப் போகச் சொல்கிறார்கள்

கேள்வி: குடியாத்தத்துக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்து, பிளஸ் டூ கலைப் பிரிவு முடித்திருக்கிறேன். 'அறவியலும் இந்தியப் பண்பாடும்' பாடத்தில்தான் எனக்கு அதிக மதிப்பெண். கல்லூரியில் தத்துவம் படிக்க வேண்டும் என்ற ஆசை அந்தப் பாடத்திலிருந்து வந்தது. அப்பா இல்லை, அம்மா பீடி சுற்றுகிறார். வேலூரில் இருக்கும் மாமா, ஆறு மாத ஃபிளெபாட்டமி (ரத்த மாதிரி எடுக்கும்) பயிற்சியில் சேர்ந்தால் உடனே லேபில் வேலை கிடைக்கும், தத்துவம் சோறு போடாது என்கிறார். சேருவதற்கு முன் பார்த்துக்கொள்ளட்டும் என்று என்னை ஒரு லேபுக்கும் அழைத்துப் போனார். அங்கே வயதான ஓர் அம்மா, "எதுக்குப்பா இவ்ளோ ரத்தம்?" என்று கேட்டார். ரத்தம் எடுத்தவர், "டாக்டர் எழுதியிருக்கார், கையை நீட்டுங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு எடுத்துவிட்டார். அவர் செய்தது தவறா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. நான் எதைப் படிப்பது? இரண்டுக்கும் சம்பந்தமே இல்லையா?

— ஒரு வாசகி, வேலூர் மாவட்டம்

பதில் அளிப்பவர்: மருத்துவ ஆய்வக நுட்பப் பயிற்றுநர் (ஓய்வு), வேலூர்

அன்புள்ள வாசகிக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எதைப் படிப்பது என்பது ஒன்று. அந்த அம்மாவுக்குச் சொல்லப்பட்ட பதில் சரிதானா என்பது மற்றொன்று. சேர்க்கைத் தேதிகள் யாருக்காகவும் காத்திருப்பதில்லை என்பதால் படிப்பைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஆனால் எனக்கு நெருக்கமானது இரண்டாவது கேள்விதான். ரத்தம் எடுக்கக் கற்றுக்கொடுத்த காலமெல்லாம், அந்தக் கேள்வியைத் தாமாகவே கேட்கும் மாணவர் வகுப்பில் ஒருவராவது இருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்த்திருக்கிறேன்.

உங்கள் மாமா உங்கள் நன்மையைக் கருதித்தான் சொல்கிறார். ஆனால் அவர் சொல்வதில் ஒரு விவரம் விட்டுப்போயிருக்கிறது. லேபில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் ஒரே படிப்பைப் படித்தவர்கள் அல்லர். ரத்தத்தைப் பரிசோதித்து முடிவு தருவதற்கு மருத்துவ ஆய்வக நுட்பத்தில் பட்டயமோ (டி.எம்.எல்.டி.) பட்டமோ (பி.எஸ்சி. எம்.எல்.டி.) வேண்டும். அரசுக் கல்லூரியானாலும் தனியார் கல்லூரியானாலும், இந்தப் படிப்புகளில் சேரப் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். நீங்கள் கலைப் பிரிவு. ஆகவே அந்த வாசல் இப்போதைக்கு உங்களுக்கு மூடியிருக்கிறது. உங்களுக்குத் திறந்திருப்பது, ரத்த மாதிரி எடுப்பதை மட்டும் கற்றுத்தரும் சான்றிதழ்ப் பயிற்சி. இதை முடித்தவர்களைச் சிறிய லேபுகளும், வீட்டுக்கு வந்து ரத்தம் எடுத்துச் செல்லும் நிறுவனங்களும் வேலைக்கு எடுத்துக்கொள்கின்றன. பெரிய மருத்துவமனைகள் பலவற்றில் அதே நாற்காலிக்கு டி.எம்.எல்.டி. முடித்தவர்களையோ செவிலியர்களையோதான் அமர்த்துகிறார்கள். "இந்தச் சான்றிதழ் இருந்தால் எந்த ஆஸ்பத்திரியிலும் வேலை" என்று யாராவது சொன்னால், எந்த ஆஸ்பத்திரி, என்ன பதவி என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

இன்னொரு செய்தியையும் உங்கள் மாமாவிடம் சொல்லுங்கள். துணை மருத்துவப் பணியாளர்களுக்காக 2021இல் நாடாளுமன்றம் ஒரு தேசிய ஆணையச் சட்டத்தை இயற்றியது. அதன்படி, ஒருவர் அத்தகைய பணியாளராகக் கருதப்படுவதற்கு அவர் முடித்த பட்டயமோ பட்டமோ 2 முதல் 4 ஆண்டுகளில், குறைந்தது 2,000 மணி நேரம் கொண்டதாக இருக்க வேண்டும். ஆறு மாதப் பயிற்சி எப்படிக் கணக்குப் போட்டாலும் இதற்குள் அடங்காது. எனவே இந்தச் சான்றிதழை ஒரு கைத்தொழிலாகவும் வருமானத்துக்கான வழியாகவும் எண்ணிக் கற்றுக்கொள்வதில் தவறில்லை. வாழ்நாள் முழுவதும் தாங்கும் கல்வித் தகுதி என்று எண்ணிப் பட்டப்படிப்பை அதற்காகக் கைவிடுவதுதான் தவறு. பதினெட்டு வயதில் பட்டப்படிப்பை விட்டவர்களில் பலருக்கு அதற்குத் திரும்பி வர வாய்க்காமலே போய்விடுகிறது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பின்னாளில் லேப் துறையிலேயே நிலைக்க வேண்டும் என்று தோன்றினால், தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாக அறிவியல் பாடங்களை எழுதிவிட்டு டி.எம்.எல்.டி.க்கு முயலும் பாதையும் உண்டு. சேர விரும்பும் கல்லூரி அதை ஏற்குமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இனி தத்துவப் படிப்பு. பி.ஏ. தத்துவத்தை நேரடி வகுப்பில் படிக்கத் தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரி போன்ற இடங்கள் இருக்கின்றன. விடுதிச் செலவுக்கு வழி இருந்தால் விண்ணப்பியுங்கள். வீட்டிலிருந்தபடியே படிக்க இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் தத்துவப் பட்டப்படிப்பு உண்டு. அதன் பாடநூல்களை ஆங்கிலத்தில் படிக்க வேண்டியிருக்கும் என்பதற்கு இப்போதே மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். மூன்றாவது வழியை நிறையப் பேர் யோசிப்பதில்லை. வேலூர் முத்துரங்கம் அரசுக் கல்லூரியிலோ குடியாத்தம் அரசு திருமகள் ஆலைக் கல்லூரியிலோ வரலாறு, தமிழ் போன்ற ஒரு பாடத்தில் பட்டம் பெற்று, அதன் பிறகு தத்துவத்தில் முதுகலைக்குப் போகலாம். முதுகலைத் தத்துவத்துக்கு வேறு பாடப் பட்டதாரிகளையும் சேர்த்துக்கொள்ளும் இடங்கள் உள்ளன. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தத்துவத் துறையை விசாரித்து வையுங்கள்.

உங்கள் வீட்டுக்கு முக்கியமான ஒரு கணக்கும் இதில் இருக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் என்பதால், நேரடிக் கல்லூரியில் சேர்ந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். தொலைநிலைக் கல்விக்கும் அங்கீகாரம் இல்லாத பயிற்சி நிலையங்களுக்கும் அந்தத் தொகை கிடையாது. பீடி சுற்றும் ஒரு தாய்க்கு மாதம் 1,000 ரூபாய் என்பது எத்தனை நாள் உழைப்பு என்று உங்களுக்கே தெரியும். இதையும் ஊருக்குப் பக்கத்திலேயே கல்லூரி இருப்பதையும் சேர்த்துப் பார்த்தால், மூன்றாவது வழிதான் உங்களுக்குப் பொருந்துகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. தத்துவம் தள்ளிப்போகிறதே என்று வருந்த வேண்டாம். அரசுக் கல்லூரி நூலகத்தில் தத்துவ நூல்களைக் கேட்டு வாங்கிப் படிப்பதற்கு எந்தப் பட்டமும் தேவையில்லை.

"தத்துவம் சோறு போடாது" என்ற பேச்சுக்கு ஓரிரு வார்த்தைகள். குடிமைப் பணி முதன்மைத் தேர்வில் 2013 முதல் அறவியலுக்கென்றே 250 மதிப்பெண்ணுக்குத் தனித்தாள் இருக்கிறது. தத்துவத்தை விருப்பப் பாடமாகவும் எடுக்கலாம். இதற்காக நீங்கள் தத்துவம் படியுங்கள் என்று சொல்ல மாட்டேன். அம்மாவும் மாமாவும் கேட்கும்போது சொல்வதற்கு ஒரு பதில் வேண்டும் அல்லவா, அதற்காகச் சொல்கிறேன். நம் வட ஆர்க்காட்டு மண்ணுக்குத் தத்துவம் அயலானதும் அல்ல. ஆரணிக்குப் பக்கத்தில் உள்ள அடையபலத்தில் பிறந்த அப்பய்ய தீட்சிதர் பதினாறாம் நூற்றாண்டில் அத்வைதத்திலும் சைவத்திலும் பெரும் நூல்களை எழுதியபோது, அவரை ஆதரித்தவர் வேலூரை ஆண்ட சின்ன பொம்ம நாயக்கர். திருத்தணியில் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் வேலூர் ஊரிசு கல்லூரியில் படித்துவிட்டுச் சென்னைக்குப் போனவர். அங்கே அவர் தத்துவத்தை எடுத்ததற்குக் காரணம், உறவினர் ஒருவர் படித்து முடித்த தத்துவப் புத்தகங்கள் இலவசமாகக் கிடைத்ததுதான். வறுமை அவரைத் தத்துவத்திலிருந்து விலக்கவில்லை, அதற்குள்ளேதான் கொண்டுபோய் விட்டது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ரத்தம் எடுப்பது என்றால் நரம்பைப் பார்த்து ஊசியைச் செலுத்துவது என்றுதான் வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். ஊசி செலுத்தும் அந்தச் சில விநாடிகள் இந்த வேலையில் கடினமான பகுதியே அல்ல. நல்ல பயிற்சி இருந்தால் கை தானாகப் பழகிவிடும். அதற்கு முன்பும் பின்பும் நடப்பவற்றில்தான் மனிதரின் மனச்சாட்சி வேலை செய்ய வேண்டியிருக்கிறது.

முதல் செயலையே எடுத்துக்கொள்வோம்: எதிரில் உட்கார்ந்திருப்பவர் யார் என்று உறுதி செய்வது. வேலூர் மருத்துவமனைகளுக்கு வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் தினமும் ஏராளமானோர் வருகிறார்கள். காந்தி ரோட்டில் வங்காள எழுத்தில் பெயர்ப்பலகை வைத்த லாட்ஜுகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இரவெல்லாம் ரயிலில் வந்து, காலையில் வெறும் வயிற்றோடு வரிசையில் நிற்கும் ஒருவரிடம், சீட்டிலுள்ள பெயரைப் படித்து "நீங்கள்தானே இவர்?" என்று கேட்டால், அவர் தலையசைப்பார். கேட்டது புரியாவிட்டாலும் தலையசைப்பார். வெள்ளைக் கோட்டுப் போட்டவர் கேட்கிறார், ஆமாம் என்று சொல்லிவிட்டால் வேலை முடியும் என்ற எண்ணம் அவருக்கு. அதனால்தான் பெயரை நாம் சொல்லக் கூடாது, அவர் வாயால் சொல்ல வைக்க வேண்டும், அத்துடன் மருத்துவமனை எண்ணையோ பிறந்த தேதியையோ ஒப்பிட வேண்டும் என்ற விதி இருக்கிறது. குப்பியில் பெயர் ஒட்டுவதும் அவர் நாற்காலியை விட்டு எழுவதற்கு முன்பே நடந்தாக வேண்டும். பெயர் மாறிய ஒரு குப்பி ரத்த வகைப் பரிசோதனைக்குப் போனால், தவறான ரத்தம் ஏற்றப்பட்டு உயிரே போகலாம்.

அடுத்து, குப்பிகளின் வரிசை. வெளிர்நீல மூடி, சிவப்பு அல்லது மஞ்சள் மூடி, பச்சை மூடி, ஊதா மூடி, சாம்பல் மூடி என்று ஒரு முறை உண்டு. ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் புட்டி இருந்தால் அது எல்லாவற்றுக்கும் முன்னால் வரும். ஊதா மூடிக் குப்பியில் ரத்தம் உறையாமல் இருக்க இ.டி.டி.ஏ. என்ற பொட்டாசியம் உப்பு இருக்கிறது. அந்தக் குப்பியில் எடுத்த ரத்தத்தில் சிறிதளவு சிவப்பு மூடிக் குப்பிக்குள் கலந்தாலும் பொட்டாசியம் உண்மையில் இருப்பதைவிட மிக அதிகமாகவும் கால்சியம் மிகக் குறைவாகவும் காட்டும். இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நரம்பு கிடைக்காமல் சிரமப்பட்டு எடுத்த ஒருவரிடம் சிவப்புக் குப்பி பாதிதான் நிரம்பியிருக்கும். ஊதாக் குப்பியில் ரத்தம் தாராளமாக இருக்கும். மறுபடியும் குத்தினால் அவர் கோபிப்பார், வெளியே நாற்பது பேர் நிற்கிறார்கள். மூடியைத் திறந்து அதிலிருந்து இதற்குக் கொஞ்சம் ஊற்றிவிட்டால் யாருக்கும் தெரியாது. சந்தேகப்படத் தெரிந்த ஒரு டெக்னீஷியன் கால்சியம் அளவைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கக்கூடும். அவர் கவனிக்காவிட்டால், இல்லாத பொட்டாசியத்தைக் குறைக்க ஒரு நோயாளிக்கு மருந்து கொடுக்கப்படும். யாரும் பார்க்காத அந்த அரை நிமிடத்தில், "ஐயா, மன்னிக்கணும், இன்னொரு தடவை எடுக்க வேண்டியிருக்கு" என்று சொல்லும் துணிவு ஒருவருக்கு எங்கிருந்து வருகிறது? கையேட்டில் அந்த விதி இருக்கும். விதிக்குக் கட்டுப்படுவதற்கான காரணத்தைக் கையேடு கொடுக்காது. பொய் சொல்லாமை என்பது பிறர் பார்ப்பதைப் பொறுத்ததா, விளைவைப் பொறுத்ததா, அல்லது எதையும் பொறுத்ததல்லாத கடமையா என்று அறவியல் வகுப்பில் விவாதிப்பார்கள். காலை ஏழு மணிக்கு அந்தக் கூடத்தில் நிற்பவருக்கு அந்த விவாதம் ஏட்டளவில் நிற்பதல்ல.

அந்த அம்மாவின் கேள்விக்கு என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும்? "சர்க்கரைக்கும் சிறுநீரகத்துக்கும் ரத்த அணுக்களுக்கும் பார்க்கச் சொல்லியிருக்காங்கம்மா, அதனால மூணு குப்பி. மொத்தமே ரெண்டு டீஸ்பூன் அளவுதான். உங்க உடம்புல ஏறக்குறைய அஞ்சு லிட்டர் இருக்கு, இதனால அசதி வராது." இதைச் சொல்லப் பத்து விநாடி போதும். முடிவு என்னவாக இருக்கும், நோய் இருக்கிறதா என்று அவர் மேலும் கேட்டால், அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்று சொல்லிவிடலாம். அங்கே நமக்கு எல்லை உண்டு. ஆனால் தன் உடம்பிலிருந்து எதை, எவ்வளவு, எதற்காக எடுக்கிறார்கள் என்று கேட்பது அவருடைய உரிமை. அன்று ரத்தம் எடுத்தவர் கெட்டவர் அல்லர். வரிசையின் நீளம் அவரை அப்படிப் பேச வைத்திருக்கும். ஆனாலும் அவர் செய்தது குறைதான். கையை நீட்டியதையே சம்மதமாக எடுத்துக்கொள்வது அன்றாட நடைமுறை. கேள்வி கேட்டுவிட்டு நீட்டிய கை அப்படிப்பட்டதல்ல. அந்த வேறுபாட்டை நீங்கள் உணர்ந்ததால்தான் உறுத்துகிறது.

இது எவ்வளவு பெரிய விஷயமாகலாம் என்பதற்கு வேலூர் சம்பந்தப்பட்ட ஒரு வரலாறே இருக்கிறது. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலில் தெரியவந்தது 1986இல். சென்னை மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில் படித்துக்கொண்டிருந்த செல்லப்பன் நிர்மலா, பாலியல் தொழில் செய்த பெண்களிடமிருந்து ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். பரிசோதிக்கும் வசதி அங்கே இல்லாததால், அவற்றை ஐஸ் பெட்டியில் வைத்துக் காட்பாடிக்கு ரயிலில் எடுத்து வந்து, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் (சி.எம்.சி.) ஜேக்கப் ஜானின் ஆய்வகத்தில் பரிசோதித்தார்கள். ஆறு மாதிரிகள் நிறம் மாறின, அதாவது அவற்றில் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. நோய் நம் நாட்டுக்குள் வந்துவிட்டது என்பது அன்று உறுதிப்பட்டதால்தான் அரசு விழித்துக்கொண்டது. பின்னர் ரத்த வங்கிகளில் எச்.ஐ.வி. பரிசோதனை கட்டாயமானது, அதனால் காப்பாற்றப்பட்ட உயிர்களை எண்ணி முடியாது. ஆனால் அந்தப் பெண்களிடம், இது எய்ட்ஸுக்கான பரிசோதனை என்று சொல்லப்படவில்லை. இதை நிர்மலாவே பிற்காலத்தில் ஒரு பேட்டியில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். சொன்னாலும் அவர்களுக்குப் புரிந்திருக்காது என்பது அவர் தந்த காரணம்.

இந்த ஒரு நிகழ்ச்சியை வைத்துக்கொண்டு ஓர் ஆண்டு முழுவதும் அறவியல் வகுப்பு நடத்தலாம். பெரும்பாலானோருக்கு விளைந்த நன்மையைக் கொண்டு ஒரு செயலை மதிப்பிட வேண்டும் என்பார்கள் தத்துவ அறிஞர்கள் பெந்தாமும் மில்லும். அவர்கள் கணக்கில் அந்த ரத்தம் எடுக்கப்பட்டது மிகச் சரி. எந்த மனிதரையும் பிறரின் நோக்கத்துக்கு வெறும் கருவியாக மட்டும் நடத்தக் கூடாது என்பார் இன்னொரு தத்துவ அறிஞரான காண்ட். அவர் வழியில் பார்த்தால், கேட்க வேண்டிய ஒன்று கேட்கப்படாமல் விடப்பட்டது. நான் இரண்டாவது பக்கம் நிற்கிறேன். புரியாது என்று நாம் முடிவு செய்துவிட்ட ஒருவரிடம் சொல்லிப் பார்க்காமலே இருப்பது, அவருக்குப் புரியாது என்பதை நாமே நிலைநிறுத்துவதாகும். அதே சமயம், நோய் பற்றி உலகமே தடுமாறிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், கையுறைகூட இல்லாமல் அந்த வேலையைச் செய்த ஒரு மாணவியை இன்று உட்கார்ந்துகொண்டு குற்றம் சாட்டுவதும் எனக்கு உடன்பாடில்லை. இந்த இரண்டு எண்ணங்களையும் ஒரே நேரத்தில் மனதில் வைத்துக்கொண்டு, எங்கே எது கனக்கிறது என்று பொறுமையாக எடைபோடப் பழகுவதற்குத்தான் தத்துவத்தை ஆசிரியரிடம் முறையாகக் கற்க வேண்டும் என்று சொல்கிறேன். பிற்காலத்தில் சட்டமும் இந்தப் பக்கமே வந்தது. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டத்தின்படி, விவரம் தெரிவித்து ஒப்புதல் பெறாமல் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யக் கூடாது. ரத்த தானம் போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. மற்றப் பரிசோதனைகளோடு இதையும் சேர்த்து எடுத்துவிடு என்று யாராவது உங்களிடம் வாய்வழியாகச் சொன்னால், ஒப்புதல் படிவம் எங்கே என்று நீங்கள் கேட்க வேண்டும்.

எடுத்த ரத்தம் பிறகு என்ன ஆகிறது என்பதும் இதைச் சேர்ந்ததே. அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் வாழும் ஹவசுபாய் என்ற பழங்குடி மக்கள், தங்களிடையே பெருகிவந்த நீரிழிவு நோய்க்குக் காரணம் தெரியும் என்று நம்பி, 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு ரத்தம் கொடுத்தார்கள். அந்த ரத்தம் மனநோய் பற்றிய ஆய்வுக்கும், அவர்களின் முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்ற ஆய்வுக்கும் அவர்களுக்குத் தெரியாமல் பயன்பட்டது. தாங்கள் அந்தப் பள்ளத்தாக்கிலேயே தோன்றியவர்கள் என்பது அம்மக்களின் நம்பிக்கை. விஷயம் தெரிந்து அவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2010இல் பல்கலைக்கழகம் 7 லட்சம் டாலர் கொடுத்து, மிச்சமிருந்த ரத்தத்தையும் திருப்பித் தந்து உடன்பாடு செய்துகொண்டது. ஒருவர் ஒரு காரணத்துக்காகக் கொடுத்த ரத்தம் அந்தக் காரணத்தோடுதான் நம் கைக்கு வருகிறது. சிறிய லேபில் வேலை பார்ப்பவருக்கு இது தூரத்துச் செய்தியாகத் தோன்றலாம். ஆனால் வரவேற்பு மேசையிலிருந்து ஒருவர் பெயரையும் அவர் எடுக்கும் பரிசோதனையையும் கூடத்துக்கே கேட்கும்படி சத்தமாகச் சொல்வதும் இதே வகைதான். பக்கத்துத் தெருக்காரர் அங்கே உட்கார்ந்திருக்கலாம்.

ஆகவே இரண்டுக்கும் சம்பந்தம் இல்லையா என்று கேட்டீர்களே, இவ்வளவு சம்பந்தம் இருக்கிறது. ஆனால் ஒன்று படித்தால் மற்றொன்று தானாக வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். காண்டைக் கரைத்துக் குடித்தவருக்கும் முதல் முறை ஊசி பிடிக்கும்போது கை நடுங்கும். அந்த நடுக்கத்தைத் தீர்ப்பது நல்ல பயிற்சி ஒன்றுதான். எனவே பயிற்சி நிலையத்தைத் தேர்ந்தெடுப்பதில் ஏமாறாதீர்கள்.

கல்லூரியில் முதலாண்டு முடிந்து ஓரளவு நிலைபெற்ற பிறகு, விடுமுறையையும் மாலை வகுப்புகளையும் பயன்படுத்தி இந்தப் பயிற்சியைக் கற்றுக்கொள்ளலாம் என்பது என் யோசனை. சாப்பிடாமல் வந்து கொடுக்க வேண்டிய பரிசோதனைகள் அதிகம் என்பதால் லேபுகளில் கூட்டம் காலை ஆறு முதல் பத்து வரைதான். ஞாயிற்றுக்கிழமைகளிலும் விடுமுறைகளிலும் அந்த நேரத்துக்கு ஆள் தேடுவார்கள். படிப்பைக் கெடுக்காமல் வீட்டுக்கு உதவ அது வழியாகும். சேரும் முன் அந்த நிலையத்துக்கு உங்கள் மாமாவோடு நேரில் போங்கள். எந்த மருத்துவமனையோடு பயிற்சிக்கு ஒப்பந்தம் இருக்கிறது, மேற்பார்வையில் எத்தனை பேரிடம் நேரடியாக ரத்தம் எடுக்க விடுவார்கள், சான்றிதழ் தருவது யார் என்று கேளுங்கள். செயற்கைக் கை வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். அது இல்லாமல், மாணவர்களே ஒருவர் கையில் ஒருவர் குத்திப் பழகச் சொல்லும் இடங்கள் உண்டு. விருப்பமில்லாதவரை அதற்குக் கட்டாயப்படுத்தும் நிலையத்தில் சம்மதத்தைப் பற்றி உங்களுக்கு என்ன கற்றுத்தரப் போகிறார்கள்? ரப்பர் பட்டையை ஒரு நிமிடத்துக்கு மேல் கட்டி வைக்கக் கூடாது என்பதையும், டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா வைத்த கையிலும், சலைன் ஏறிக்கொண்டிருக்கும் கையிலும் எடுக்கக் கூடாது என்பதையும், மார்பகத்தை அகற்றும் அறுவை சிகிச்சை ஆனவரிடம் அந்தப் பக்கத்துக் கையைத் தவிர்க்க வேண்டும் என்பதையும் முதல் வாரத்திலேயே சொல்லாத பயிற்றுநரிடம் பணம் கட்டாதீர்கள்.

அங்கே குப்பைத் தொட்டிகளையும் கவனியுங்கள். 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகளின்படி, பயன்படுத்திய ஊசிகள் துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டிக்குள் போக வேண்டும். ஊசிக்கு மறுபடியும் மூடி மாட்டும் பழக்கம் அங்கே தென்பட்டால் அந்த இடம் வேண்டாம். ஊசிக் குத்துகளில் நிறைய அப்படித்தான் நேர்கின்றன. தப்பித் தவறி ஊசி குத்திவிட்டால், அந்த இடத்தைப் பிதுக்காமல் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவி, உடனே மேற்பார்வையாளரிடம் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள்ளாகவே தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். பயந்து மறைத்துவிடும் பெண்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் அம்மாவுக்காகவாவது அப்படிச் செய்துவிடாதீர்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை: முதல் நாள், ஒரு மாதம் கழித்து, ஆறாம் மாதம். பயிற்சியில் சேர முடிவு செய்த உடனேயே முதல் தவணையைப் போட்டுக்கொள்ளுங்கள். அதைப் போடும் பொறுப்பை நிலையம் ஏற்றாலும் ஏற்காவிட்டாலும், அது போடப்படும் வரை நோயாளி ஒருவரின் கையில் ஊசியை வைக்க மாட்டேன் என்று சொல்லிவிடுங்கள்.